பொம்மையைத் திறக்கட்டுமே!

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் திருவிழாக் கடையில் பேரனுக்கு வாங்கிக் கொடுத்த சின்னக் கீபோர்டு அது. மூன்று பேட்டரியில் ஓடும். உதியன்குளங்கரை வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் பையன் அதன் முதுகிலிருந்த ஸ்குரூக்களைக் கழற்றிவிட்டான். உள்ளே ஈர விரலை வைத்தானோ இல்லையோ, ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த பொம்மை கீச்சிட்டு, இழுத்து, விம்மியது. "பாட்டா, இது அழுவுது, பாத்தியளா!" என்று ஓடி வந்தான். மருமகள் பொம்மையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காசு கொடுத்து வாங்கிய பொருள். அவள் கோபம் நியாயந்தான். ஆனாலும் நான் பேரன் கட்சி.

அவன் செய்த காரியத்திற்கு 'சர்க்கியூட் பெண்டிங்' என்று பெயர். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ரீட் கசாலா பள்ளிப் பருவத்தில், மேசை இழுப்பறையில் கிடந்த சிறு ஆம்பிளிஃபயர் உலோகத்தில் பட்டு விசித்திரமாக ஒலித்ததைக் கேட்டார். அதையே கலையாக வளர்த்து, 1992இல் இப்பெயரையும் சூட்டினார்.

இதில் மாயம் ஏதுமில்லை. இத்தகைய பொம்மைகள் பலவற்றில் உள்ளிருக்கும் சிப் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை ஒரு ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது. அதன் இரு முனைகளிலும் விரல் பட்டால் மின்சாரத்திற்கு நம் உடம்பு வழியே இன்னொரு பாதை கிடைக்கிறது. மின்தடை குறைகிறது, வேகம் கூடுகிறது, சுருதி ஏறுகிறது. அழுத்தினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். பாடப்புத்தகத்தில் ஓம் விதியை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அது விரல் நுனியில் கேட்கிறது என்றால் வேறென்ன வேண்டும்?

"இதெல்லாம் இசையா?" என்பார்கள். போர்க்கருவியான வில்லையும் தண்ணீர்க் குடத்தையும் வைத்துக்கொண்டு விடிய விடியக் கதை பாடியவர்கள் இந்தத் தென்திருவிதாங்கூர்க்காரர்கள். நாம் அப்படிக் கேட்கலாமா?

ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். பேட்டரியில் ஓடுவதை மட்டுமே, பெரியவர் பக்கத்தில் இருக்கத் திறக்கலாம். சுவரில் செருகும் எதையும் தொடவே கூடாது; அது 230 வோல்ட். பொத்தான் பேட்டரி குழந்தை வாயில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேரனுக்கு நான் இவ்வளவு பரிந்து பேசக் காரணம் உண்டு. அவனுடைய தகப்பன் எட்டு வயதில் என் டிரான்சிஸ்டரைத் திறந்தான். நாகர்கோவிலில் ஆசையாக வாங்கிய டிரான்சிஸ்டர். ஆத்திரத்தில் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் ஸ்குரூடிரைவரைத் தொட்டதில்லை. இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் தள்ளி நின்றே பார்க்கிறான். நானும் பார்க்கிறேன், ஒன்றும் சொல்வதில்லை.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் குறள் ஒப்புவித்தல், பேச்சு, கோலம் என்று ஆண்டுதோறும் அதே போட்டிகள்தான். அவை இருக்கட்டும். மண்டபத்தின் ஓர் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, ஊமையாகிப்போன பழைய பேட்டரி பொம்மைகளையும் நாலைந்து ஸ்குரூடிரைவர்களையும் வைக்கலாகாதா? பரிசு எதுவும் வேண்டாம். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். முதல் பொம்மையை நானே கொண்டுவருவேன். அலமாரிச் சாவி மட்டும் மருமகளிடம் இருக்கிறது.