தொட்டால் சுருங்கும் படம்

பொம்மை அசைவதைக் கண்டு மகிழாத குழந்தை இல்லை. ஆயினும், தானாக அசையும் பொம்மையைப் பார்த்திருப்பது ஒன்று. தான் தொட்டமையால் அது அசைந்தது என்று உணர்வது வேறொன்று. முன்னதிற் குழந்தை பார்வையாளர் மாத்திரமே. பின்னதிலோ அதுவே சூத்திரதாரி. இன்று எமது வீடுகளிற் கைத்தொலைபேசியின் திரையிலே படங்கள் ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றன. குழந்தையின் கண் அவற்றைப் பின்தொடர்கின்றது; கை வாளாவிருக்கின்றது. அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுப்பது எவ்வாறு என்பதையே இவ்வாரம் நாம் நோக்குவோம். தொட்டால் அசைந்து, அசைந்தபின் நின்று, மறுபடி தொடும்வரை காத்திருக்கும் ஒரு சிறு படத்தை, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு விடுமுறை நாளில் வீட்டுக் கணினியிலே செய்துவிடலாம்.

கொப்பி மூலையில் இருந்த வித்தை

அசையும் படத்தின் இரகசியத்தை எம்மிற் பலர் பள்ளிப் பருவத்திலேயே அறிந்திருக்கின்றோம். அப்பியாசக் கொப்பியின் மூலையில், தாளுக்குத் தாள் சிறிது மாற்றி ஒரு மனித உருவை வரைந்து, தாள்களை விரலால் விரைந்து தட்டினால் அவ்வுருவம் ஓடும். சினிமாவும் இதே வித்தைதான். அங்கே ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கண்ணானது அவற்றைத் தனித்தனியே காணாது ஒரே அசைவாகக் காண்கின்றது.

வால்ற் டிஸ்னி போன்றாருடைய சித்திரக்கூடங்களில் இவ்வேலையை இருவகையாகப் பகிர்ந்தனர். தலைமை ஓவியர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் முக்கியமான திருப்பங்களையும் வரைவார். அவற்றுக்கு இடையில் வரவேண்டிய படங்களை உதவி ஓவியர்கள் வரைந்து நிரப்புவர். இன்று அந்த உதவி ஓவியரின் இடத்திற் கணினி அமர்ந்திருக்கின்றது. தொடக்கத்தையும் முடிவையும் நாம் கொடுத்தால், இடைப்பட்டவற்றை அது கணித்துத் தானே வரைகின்றது. இடைப்படுத்தல் என்னும் பொருள்படவே ஆங்கிலத்தில் இதனை ‘ருவீன்’ என்பர்.

இத்தகைய மென்பொருளைத் திறந்தவுடன் திரையின் ஓரத்தில் நீண்ட கட்டவரிசை ஒன்று தோன்றும். அதுவே காலக்கோடு. ஒவ்வொரு கட்டமும் ஒரு சட்டகம். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் செல்லச் செல்லக் காலம் நகர்கின்றது. கட்டவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால் அவை படைகள் எனப்படும். கண்ணாடித் தாள்களை அடுக்கி வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வரைந்தது போன்றது அவ்வமைப்பு. அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் தாங்கும் கட்டங்களை முதன்மைச் சட்டகங்கள் எனலாம்.

இவ்வகை மென்பொருள்களுட் பெரும்புகழ் பெற்றது பிளாஷ். ஜொனதன் கே என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் 1996ஆம் ஆண்டில் பியூச்சர் ஸ்பிளாஷ் அனிமேற்றர் என்ற பெயரில் வெளியிட்டதை, அவ்வாண்டின் இறுதியில் மக்ரோமீடியா நிறுவனம் வாங்கிப் பிளாஷ் எனப் பெயரிட்டது. 2005இல் அந்நிறுவனத்தையே அடோபி வாங்கியது. 2016இல் அம்மென்பொருள் அனிமேற் என்னும் பெயரைப் பெற்றது. பெயர்கள் மாறினும் காலக்கோடு மாறவில்லை. ஆகவே, நாம் கீழே கூறும் முறையைக் காலக்கோடு உடைய வேறு மென்பொருள்களுக்கும் சிறிது மாற்றிப் பயன்படுத்தலாம்.

முதலில் வேலியோரம் செல்க

எதனைப் படமாக்குவது? தொட்டால் அசைவது என்றதும் எம் நினைவுக்கு வருவது தொட்டாற்சுருங்கிச் செடியே. அமெரிக்காவின் வெப்ப நாடுகளிலிருந்து வந்து, இன்று இலங்கையின் புற்றரைகளிலும் வீதியோரங்களிலும் தன் சொந்த மண்போலப் படர்ந்து கிடக்கும் செடி அது.

கணினியைத் திறக்குமுன் பிள்ளையை அச்செடியின் அருகே அழைத்துச் செல்லுதல் நன்று. இலையின் நுனியை மெல்லத் தொட்டால், சிற்றிலைகள் யாவும் ஒரே கணத்தில் மூடிக்கொள்வதில்லை. நுனியிலுள்ள சோடி முதலில் மூடும். பின்னர் அடுத்தது, அதன்பின் அதற்கடுத்தது என்று அசைவு அடியை நோக்கிச் செல்லும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சிறு முடிச்சுப் போன்ற ஒரு பகுதி உண்டு. தொட்டவுடன் அதன் ஒருபக்கத்து உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேற, அப்பக்கம் தளர்ந்து இலை மடிகின்றது. மூடுவதற்குச் சில செக்கன்களே செல்லும். மீண்டும் விரிவதற்கோ பல நிமிடங்கள் வேண்டும். விரைந்து மூடுதல், மெல்ல விரிதல் என்ற இவ்விரண்டையும் பிள்ளை தன் கண்ணாற் கண்டு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். படத்தில் உயிர் இருப்பதும் இல்லாதிருப்பதும் இக்குறிப்பிலேயே தங்கியிருக்கின்றது.

வரைதலும் அடுக்குதலும்

ஒரு காம்பும் ஐந்து சோடிச் சிற்றிலைகளும் எமக்குப் போதும். சிற்றிலையைப் பத்து முறை வரையத் தேவையில்லை. ஒன்றை வரைந்து அதனைச் ‘சிம்பல்’ ஆக மாற்றினால், அது மென்பொருளின் களஞ்சியத்திற் சேர்ந்துவிடும். அங்கிருந்து வேண்டிய தடவை எடுத்து வைக்கலாம். மறுபக்கத்து இலைகளுக்கு அதனையே கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிக்கொள்ளலாம். பின்பு மூல இலையின் நிறத்தை மாற்றினால் பத்தும் ஒருங்கே மாறும்.

இலை ஒவ்வொன்றையும் தனித்தனிப் படையில் வைத்தல் வேண்டும். இன்னும் ஒரு செயலை இங்கு மறத்தலாகாது. இலை எப்புள்ளியைச் சுற்றித் திரும்புவது என்பதைக் காட்டும் சிறு வட்டம் ஒன்று இலையின் நடுவில் இருக்கும். அதனை இலையின் அடிக்கு, காம்பைத் தொடும் இடத்துக்கு, இழுத்து வைக்கவேண்டும். இன்றேல் இலையானது காற்றாடியைப் போல நடுவைப் பற்றிச் சுழலும்.

இனிக் கணக்கு. செக்கனுக்கு 24 சட்டகம் என வைத்துக்கொள்வோம். முதலாவது சட்டகத்தில் எல்லா இலைகளும் விரிந்திருக்கும். நுனிச் சோடிக்கு 2ஆம் சட்டகத்திலும் 10ஆம் சட்டகத்திலும் முதன்மைச் சட்டகங்களை அமைத்து, 10இல் இலைகளைக் காம்பின் நுனியை நோக்கித் திருப்புக. அடுத்த சோடி 4இல் தொடங்கி 12இல் முடியட்டும். மூன்றாவது 6இலிருந்து 14 வரை. நான்காவது 8இலிருந்து 16 வரை. ஐந்தாவது 10இலிருந்து 18 வரை. இவ்வாறு இரண்டிரண்டு சட்டகம் பிந்துவதனாலேயே அசைவு நுனியிலிருந்து அடிநோக்கி ஓடுவது போலத் தோன்றும். 18 முதல் 66 வரை, அதாவது இரண்டு செக்கன், செடி சுருங்கியபடி இருக்கட்டும். 66 முதல் 114 வரை எல்லா இலைகளும் மெல்ல விரியட்டும். உண்மைச் செடியின் நிமிடங்களை நாம் செக்கன்களாகக் குறுக்கினோம். ஆயினும் விரைவுக்கும் மெதுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காத்துக்கொண்டோம். காம்பு இருக்கும் படையையும் 114 வரை நீட்டுதல் வேண்டும். நீட்டாவிடின் காம்பு இடையில் மறைய, இலைகள் அந்தரத்தில் நிற்கும்.

இயற்கையில் எதுவும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. ஆகவே, மூடும் அசைவு விரைவாகத் தொடங்கி முடிவில் தளர்வதாக அமைக்குக. மென்பொருளில் ‘ஈஸ்’ என்னும் இடத்தில் இதற்கு வசதி உண்டு.

நிற்கத் தெரிந்த படம்

இப்பொழுது படத்தை ஓட்டிப் பார்த்தால் செடி சுருங்கும், விரியும், மறுபடி சுருங்கும், விரியும், முடிவே இராது. பார்ப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றே. சாவி கொடுத்த பொம்மைக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. இதற்கு மேலும் அசைவுகளைச் சேர்ப்பதனால் இக்குறை தீராது. தீர்ப்பது ஒரு நிறுத்தமே.

முதலாவது சட்டகத்தில் ‘ஸ்டொப்’ என்னும் கட்டளையை எழுதுக. படம் தொடங்கிய இடத்திலேயே, இலைகளை விரித்தபடி நின்றுவிடும். அடுத்து, செடியை முழுவதும் மூடுமாறு ஒரு பொத்தானை வைக்கவேண்டும். பொத்தானுக்கு நான்கு நிலைகள் உண்டு: சும்மா இருக்கும் நிலை, சுட்டி மேலே வந்த நிலை, அழுத்திய நிலை, தொடுகை செல்லும் பரப்பைக் குறிக்கும் நிலை. முதல் மூன்றையும் வெறுமையாக விட்டு நான்காவதில் மாத்திரம் ஒரு வடிவத்தை வரைந்தால், கண்ணுக்குப் புலப்படாத பொத்தான் கிடைக்கும். அதனை அழுத்தியதும் ‘பிளே’ என்னும் கட்டளை நிறைவேறுமாறு செய்க. காலக்கோடு ஓடும், செடி சுருங்கி விரியும், 114ஆம் சட்டகம் முடிந்ததும் தானாகவே முதலாவதற்குத் திரும்பும். அங்கே ஸ்டொப் காத்திருக்கின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளை அவசரப்பட்டு மீண்டும் அழுத்தினாலும் தீங்கில்லை. ஓடுவதை ஓடு என்றால் அது ஓடிக்கொண்டே இருக்கும். சுருங்கிய செடியை மேலும் தொட்டாலும் அது இதற்குமேற் சுருங்குவதில்லை அன்றோ!

சற்று மூத்த பிள்ளைகள், எத்தனை முறை தொட்டோம் என்று எண்ணிக் காட்ட விரும்புவர். அவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அனிமேற் மென்பொருளில் இன்றைய இணைய உலாவிகளுக்கென ஆக்கும் படங்களில், படம் முதலாவது சட்டகத்துக்குத் திரும்புந்தோறும் அங்குள்ள பொத்தான் கட்டளை புதிதாக ஒருமுறை இணைக்கப்படும். அதனால் ஒரு தொடுகை இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணப்படும். பொத்தான் கட்டளையை 1ஆம் சட்டகத்திலும் ஸ்டொப்பை 2ஆம் சட்டகத்திலும் வைத்து, இறுதிச் சட்டகத்திலிருந்து 2ஆவதற்குத் திரும்புமாறு செய்தால் இக்குறை நீங்கும். காலக்கோட்டில் 2 எனக் காணும் சட்டகத்தைக் கட்டளையில் 1 என்று எழுதவேண்டும். அங்கே எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குகின்றது.

விளக்கு அணைந்த நாள்

இவ்வாறு செய்த படத்தை எவ்வாறு காப்பது? இக்கேள்வி சிறிதன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, உலகெங்கும் இளைஞரும் ஆசிரியரும் பிளாஷிலே எண்ணற்ற விளையாட்டுகளையும் பாடங்களையும் செய்து இணையத்தில் இட்டனர். ஐபோனில் அவை இயங்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதற்குரிய காரணங்களை ஸ்ரீவ் ஜொப்ஸ் 2010இல் வெளிப்படையாகவே எழுதினார். 2017இல் அடோபி நிறுவனம் முடிவுநாளை அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் இயக்கி படங்களை ஓட்ட மறுத்தது. படங்கள் அழியவில்லை; அவற்றைக் காட்டிய விளக்கு அணைந்தது. இணைய ஆவணகம் என்னும் நிறுவனம், றபிள் என்ற புதிய இயக்கியின் துணையோடு அவற்றுட் பலவற்றை 2020 நவம்பர் முதல் மீண்டும் காட்டத் தொடங்கியமை ஆறுதல். ஆயினும், தன் மூலக் கோப்பைக் காக்கத் தவறியவனுடைய சிறுவயதுப் படத்தை எவர் மீட்டுக் கொடுப்பார்?

ஆகவே, பிள்ளையின் வேலையைக் காக்க விரும்பும் பெற்றோர் மூன்றைச் செய்க. திருத்தக்கூடிய மூலக் கோப்பை ஓரிடத்திலன்றி ஈரிடத்தில் வைக்க. ஓட்டக்கூடிய பிரதியை வேறாக வைக்க. இவற்றினும் மேலாக, வேலியோரத்தில் எழுதிய குறிப்பையும், எந்தச் சோடி எந்தச் சட்டகத்தில் தொடங்குகின்றது என்ற அட்டவணையையும் கொப்பியிலே பேணுக. அவ்வட்டவணை இருந்தால், நாளை எந்த மென்பொருள் வந்தாலும் அதே செடியை அரைநாளில் மீண்டும் முளைக்கச் செய்யலாம்.

இச்செடியைச் செய்து முடித்த பிள்ளை, தட்டினால் திறக்கும் கதவையும், தொட்டால் ஏற்றப்படும் விளக்கையும் தானே செய்யும். முறை ஒன்றே: நில், தொடுகைக்குக் காத்திரு, ஓடு, திரும்பி வந்து நில். முதன்முறை படம் நின்று காத்திருக்கும்போது, தம்பியையோ பாட்டியையோ அழைத்து அவர்கள் விரலால் தொடச் செய்யும் பெருமையைப் பிள்ளைக்கே விட்டுவிடுதல் நன்று.