சந்தாவுக்கு வெளியே

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசுக் கல்லூரி மாணவர் இதுவரை பெயரை மட்டுமே கேள்விப்பட்ட இதழை இனி முழுதாகப் படிக்கலாம்.

படிப்பை முடித்துத் தொழிலுக்கு வந்துவிட்டவர் என்ன செய்வது? தென்காசிப் பக்கம் சொந்தமாகச் சின்ன கிளினிக் நடத்தும் பிசியோதெரபிஸ்டுக்கு அந்தச் சந்தாவில் இடமில்லை. தோள் இறுகிக் கையைத் தூக்க முடியாமல் வருகிறவருக்கு எந்தப் பயிற்சி பலன் தரும் என்று தெரிந்தாக வேண்டியவரோ அவர்தான். கல்லூரி நோட்டை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது?

அவருக்கு நான் சொல்வது 'பெட்ரோ'. சிட்னியில் 1999இல் தொடங்கிய பிசியோதெரபி ஆய்வுத் தொகுப்பு. காசு கிடையாது. தளத்தைத் தமிழிலும் பார்க்கலாம். ஆய்வுச் சுருக்கங்கள்தான் ஆங்கிலம். எனக்குப் பிடித்தது அதன் மதிப்பெண். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, பலனை அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் பார்த்துக்கொண்டார்களா, பாதியில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் பார்த்து, சிகிச்சைப் பரிசோதனைகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று போடுகிறார்கள். இது ஆய்வு நடந்த விதத்துக்கான மார்க், சிகிச்சைக்கானது அல்ல. எட்டு வாங்கிய ஆய்வு, 'இந்தச் சிகிச்சையால் பயனில்லை' என்றும் சொல்லியிருக்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான்.

முழுக் கட்டுரை வேண்டுமென்றால் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட் சென்ட்ரல்' இருக்கிறது. அங்கேயும் இல்லையா, கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடலாம். பெரும்பாலும் கூச்சப்படுவது கேட்கிறவர்தான். இதழ் விற்ற காசில் எழுதியவருக்குப் பங்கு வருவதில்லை, படிக்க ஆள் கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நோயாளி மேல் கை வைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாரைச் சேர்த்தார்கள், எத்தனை வாரம் பயிற்சி கொடுத்தார்கள் என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும்.

இப்போதைய ஒதுக்கீடு 2027 வரைக்கும். அடுத்த சுற்றில் மாவட்ட மைய நூலகத்தில் ஒரே ஒரு கணினிக்காவது இந்தச் சந்தாவைத் திறந்துவிடலாம். தென்காசிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து படித்துவிட்டுப் போவார்.