சித்திரையிலும் போர்வை



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இந்தப் பக்கத்தில் பேச நினைக்கிறேன். எழுதியவர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை. ஒன்றரை வருடத்தில் 88 கிலோவிலிருந்து 61 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு எடுத்த முடிவு. சர்க்கரை இறங்கிவிட்டது. முழங்கால் வலி போய்விட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் குளிர்கிறது என்கிறார். மார்கழியில் குளிர்ந்தால் சரி, அவருக்குச் சித்திரையில் குளிர்கிறது. பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் அவருக்கு விரல் நுனி சில்லிட்டு, சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் போகிறது. வீட்டில் தினமும் ஃபேன் சண்டை. கணவருக்கும் மகனுக்கும் ஐந்தில் சுற்ற வேண்டும். அவருக்கு ஒன்றில் சுற்றினாலே உடம்பு வெடவெடக்கிறது. இப்போது தனியாக ஹாலில், தலையோடு போர்த்திக்கொண்டு படுக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பகுதிதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. “யாரிடம் சொன்னாலும், ‘குடுத்துவச்சவங்க டீச்சர் நீங்க, ஊரே வேகுது, உங்களுக்குக் குளிருதா’ என்று சிரிக்கிறார்கள். மாமியார் மட்டும் ரத்தம் சுண்டிப்போச்சு என்கிறார். இவ்வளவு பாடுபட்டு இளைத்துவிட்டு இதைப் போய்க் குறையாகச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எனக்கு உண்மையாகவே குளிர்கிறது.”

டீச்சர், நான் நம்புகிறேன். உங்களுக்குக் குளிர்வது கற்பனை இல்லை. 80 வருடங்களுக்கு முன்பே இதை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பட்டினி கிடந்தார்கள். போர் நின்றதும் அவர்களுக்கு என்ன கொடுத்து, எவ்வளவு கொடுத்துத் தேற்றுவது என்பதற்குத் தெளிவான விடை யாரிடமும் இல்லை. அந்த விடையைத் தேடினார் ஆன்செல் கீஸ் என்ற உடலியங்கியல் அறிஞர். அவருடைய அழைப்பை ஏற்று வந்தவர்களில் 36 இளைஞர்கள் தேர்வானார்கள். எல்லோருமே மனசாட்சியின் பேரில் ஆயுதம் தூக்க மறுத்தவர்கள். உயிரை எடுக்க மாட்டோம், ஆனால் உலகம் படும் துன்பத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று வந்தவர்கள். பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில், பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருந்த அறைகளில் பரிசோதனை நடந்தது.

முதல் மூன்று மாதம் வழக்கமான சாப்பாடு. 1945 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை, 24 வாரங்கள், தினமும் ஏறத்தாழ 1,570 கலோரி. இரண்டு வேளை. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று பஞ்சகால ஐரோப்பாவில் கிடைக்கக்கூடிய உணவுதான். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். 24 வாரம் முடிந்தபோது எடையில் கால்வாசி போயிருந்தது. நிமிடத்துக்கு 55 துடித்த நாடி 35-க்குப் பக்கத்தில் வந்திருந்தது. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது.

அவர்களுக்குக் குளிர்ந்தது. ஜூலை அங்கே நல்ல கோடை. ஊரே வியர்த்துக்கொண்டிருக்க, இவர்கள் இன்னொரு கம்பளி கேட்டார்கள். கையும் காலும் சில்லிட்டே கிடந்தன. சாப்பாடு ஆவி பறக்க வேண்டும். காபி மேல் காபி குடித்தார்கள். நாளுக்கு ஒன்பது கப்புக்கு மேல் கிடையாது என்று வரம்பு போட வேண்டியதாயிற்று. 1950-ல் கீஸும் அவருடைய குழுவினரும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன. முகம் தெரியாத மனிதர்களின் பசி தீர்வதற்காகத் தங்கள் உடம்பைக் கொடுத்த அந்த இளைஞர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். திருநெல்வேலியில் ஒரு டீச்சருக்கு ஏன் குளிர்கிறது என்று இன்றைக்கு விளக்க முடிகிறதென்றால், அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்த 1,570 என்ற எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். பஞ்சத்தைப் போல இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கொடுத்த அளவு அது. இன்றைக்குப் பக்கத்து வீட்டில், அலுவலகத்தில், வாட்ஸ்அப்பில் கைமாறும் டயட் சார்ட்டுகளில் பல 1,200 கலோரியில் நிற்கின்றன. மினசோட்டா இளைஞர்கள் ஏற்கெனவே ஒல்லியானவர்கள், ஆண்கள், நிறைய நடந்தவர்கள். உடம்பில் சேமிப்பு அதிகம் உள்ள ஒருவர் டாக்டரின் கண்காணிப்பில் குறைவாகச் சாப்பிடுவதை அதோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் அந்த சார்ட்டைக் கையில் எடுப்பவர் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரிடமிருந்து, பழைய காலத்து 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றிலிருந்து வருகிற அளவுக்கு வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சாப்பாடு குறைந்து, எடையும் சரசரவென்று இறங்கினால், பஞ்சம் வந்துவிட்டது என்றே உடம்பு எடுத்துக்கொள்கிறது. நாம் ஆசைப்பட்டு இளைப்பது அதற்குத் தெரியாது. கொழுப்புத் திசுவில் சுரந்து, ‘இருப்பு போதும்’ என்று மூளைக்குச் சேதி சொல்லும் லெப்டின் குறைகிறது. இந்த லெப்டினையே 1994-ல்தான் கண்டுபிடித்தார்கள். தைராய்டு சுரப்பி நன்றாக இருந்தாலும், அதன் வீரியமான வடிவமான டி3 ரத்தத்தில் இறங்குகிறது. எரிப்பு மட்டுப்படுகிறது. உள்ளே இருக்கும் சூட்டை இதயத்துக்கும் மூளைக்கும் காப்பாற்றிக் கொடுக்க, கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. டீச்சரின் விரல் சில்லிடுவது இதனால்தான்.

இதோடு முடியவில்லை. தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அது எவ்வளவு பெரிய காவல் என்பதை ஐஸ்லாந்துக் கடலில் ஒரு மனிதர் காட்டினார். 1984 மார்ச்சில் வெஸ்ட்மன் தீவுகளுக்குப் பக்கத்தில் ஐந்து பேர் போன மீன்பிடி படகு கவிழ்ந்தது. தண்ணீரின் வெப்பநிலை ஐந்தாறு டிகிரிதான். மற்ற நால்வரும் இறந்துபோனார்கள். குட்லோகுர் என்ற இளைஞர் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கரை சேர்ந்தார். எடை 125 கிலோ. பரிசோதித்துப் பார்த்தபோது அவருடைய தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பின் கனம் 14 மில்லிமீட்டர். சாதாரண மனிதருக்கு இருப்பதைவிட அது இரண்டு, மூன்று மடங்கு. 27 கிலோவை இழந்தவருக்கு ஃபேன் காற்று உறைக்கிறது என்றால் அதில் வியக்க என்ன இருக்கிறது?

சூட்டை உண்டாக்கும் தசையும் கூடவே கரைகிறது. வேகமாக இளைத்தால், பருப்பு, முட்டை, மீன் போன்றவற்றை ஒதுக்கி இளைத்தால், தசை இன்னும் கூடுதலாகக் கரையும். 2025-ல் நம் நாட்டுக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி என்ற எடை குறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். பசியே எடுக்காததால் தட்டில் கை வைக்கவே தோன்றாது. சாப்பிடுகிற நாலு வாயில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும்.

எத்தனை நாளில் இது சரியாகும் என்றும் டீச்சர் கேட்டிருக்கிறார். பலருக்கு எடை ஓரிடத்தில் நின்று, சாப்பாடு ஒழுங்குக்கு வந்தபின் குளிர் மெல்லக் குறைகிறது. முன்பிருந்த அளவுக்கு வெயில் உறைக்காமலே சிலருக்குப் போகலாம். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடுமையாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய உடம்பு, எதிர்பார்த்த அளவைவிடத் தினமும் ஏறக்குறைய 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. 2016-ல் வந்த ஆய்வு இது. உடம்பு எளிதில் மறப்பதில்லை. ஆகவே, அவசரப்பட்டு இளைப்பதைவிட வாரத்துக்கு அரைக் கிலோ என்று நிதானமாக இறங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

எடை குறைந்ததால்தான் குளிர்கிறது என்று தானாகவே முடிவு கட்டிவிடவும் கூடாது. ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சத்து இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், பி12, சர்க்கரை: எவை தேவை என்று அவர் சொல்வார். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச் சத்து குறைந்தால் உடம்பால் சூட்டைச் சரியாகப் பிடித்து வைக்க முடியாது. ‘ரத்தம் சுண்டிப்போச்சு’ என்ற மாமியாரின் பேச்சை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். அவர் கண்ணுக்கு ஏதோ பட்டிருக்கிறது.

குளிரோடு மாதவிலக்கு நின்றுபோனாலும், கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தாலும், எழுந்தால் தலை சுற்றினாலும், விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாரித்தாலும் தள்ளிப் போடாதீர்கள். வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி எலும்பும் தோலுமாக ஆனபிறகும் ‘இன்னும் குண்டாக இருக்கிறேன்’ என்று சாப்பாட்டை ஒதுக்கினால், வெயிலிலும் முழுக்கைச் சட்டைக்குள் ஒடுங்கினால், கையிலும் முதுகிலும் மெல்லிய பூனைமுடி வளர்ந்தால், அது பிடிவாதம் அல்ல, நோய். திட்டாமல் அழைத்துப் போங்கள். எந்த முயற்சியும் செய்யாமலே எடை குறைகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. சர்க்கரை நோயாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும், சாயங்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்தால் காசநோயாக இருக்கலாம். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். அப்படிப்பட்டவரைத் தெருவில் பார்த்து, ‘என்ன, ஆளே பாதியாயிட்டீங்க, என்ன டயட்டு?’ என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

டீச்சருக்குக் கூச்சம் வந்ததும் இந்தக் கேள்வியால்தான். ஒருவர் இளைத்தால் நாம் உடனே பாராட்டிவிடுகிறோம். பழைய சுடிதாரைப் பிடித்துத் தைத்தீர்களா, முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டதே, ரகசியம் என்ன. இத்தனை பாராட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு ‘எனக்குக் குளிர்கிறது, கை நடுங்குகிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை’ என்று எப்படிச் சொல்ல முடியும்? சொன்னால் நன்றி கெட்டவராகத் தெரிவோமோ என்று பயம். பழையபடி தின்னச் சாக்குத் தேடுகிறார் என்று நினைப்பார்களோ என்று பயம். ஆக, வாயை மூடிக்கொண்டு ஸ்வெட்டருக்குள் போய்விடுகிறார்கள். இளைத்தவரைப் பார்த்தால் முதலில் ‘உடம்புக்கு எப்படி இருக்கு?’ என்று கேளுங்கள். பாராட்ட வேண்டும் என்றால் அதற்குப் பிறகு பாராட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், காலைச் சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், மத்தி மீன், முட்டை எல்லாம் நம் பக்கத்துச் சாப்பாடுதான். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். நடையோடு, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும்கூடக் கணக்குதான். காலுக்குச் சாக்ஸ் போடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் மட்டும் சுடுநீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும்.

டீச்சரின் கணவரிடமும் மகனிடமும் ஒரு வார்த்தை. தம்பி, கட்டிலை நகர்த்திப் போட்டால், அல்லது உங்கள் பக்கம் ஒரு டேபிள் ஃபேன் வைத்துக்கொண்டால், அம்மா ஹாலில் தனியாகப் படுக்க வேண்டியிருக்காது. ரெகுலேட்டரில் கை வைப்பதற்கு முன் ‘குளிருதாம்மா?’ என்று ஒரு தடவை கேளுங்கள்.

இதே அனுபவம் உள்ளவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். ஆண்களும் எழுத வேண்டும்; அவர்கள் இதை வெளியே சொல்வது இன்னும் குறைவு. எத்தனை கிலோ குறைந்தது என்பதைவிட, குறைந்தபிறகு உடம்பு எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டபோது, என்ன செய்தபோது குளிர் விட்டது என்பதை எழுதுங்கள். டீச்சர், பரிசோதனை முடிவு வந்ததும் நீங்களும் ஒரு வரி போடுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்