பலகையா, வாரியமா?

ஆங்கிலத்தில் 'போர்டு' என்றொரு சொல் உண்டு. அகராதியைப் புரட்டினால் முதலில் கிடைக்கும் பொருள் பலகை. வகுப்பறையின் கரும்பலகையும் கடைவாசலின் பெயர்ப்பலகையும் போர்டுதான். ஆனால் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று எழுதியிருக்கும் இடத்தில் பலகை கிடைக்கும் என்று எவரும் நுழைவதில்லை. சோறு கிடைக்கும் என்றுதான் நுழைகிறோம். கப்பலில் ஏறுவதற்கும் இச்சொல். ஆட்சிக் குழுவுக்கும் இச்சொல்!

இது குழப்பமன்று, வளர்ச்சி. பலகை உணவு மேசையாயிற்று. மேசைமேல் வைத்த உணவும் அப்பெயர் பெற்றது. மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுப்போரும் அப்பெயர் பெற்றனர். கப்பலின் பக்கப் பலகையிலிருந்து கப்பலேறுதல் என்ற பொருள் பிறந்தது. மதுரைச் சங்கப் பலகையின் கதையறிந்த நமக்குப் பலகைக்கும் அவைக்கும் உள்ள உறவு புதிதன்று.

ஆகவே, சொல்லுக்குச் சொல் வைத்து மொழிபெயர்ப்பது போதாது. இடமறிந்து பொருள்கொள்ள வேண்டும் என்பேன். 'போர்டிங் ஸ்கூல்' உண்டு உறைவிடப் பள்ளி. ஆட்சிக் குழுவாகிய போர்டோ வாரியம்.

இந்தச் சொல்லைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) அது இருக்கிறது. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பணிக்கொரு வாரியம். 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தனர். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் இடக்கூடாது என்பது விதி.

நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே இடமளித்த பிரமதேயச் சபை அது. ஊரார் அனைவருக்கும் அங்கே ஓலை இல்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டா. ஆயினும் கணக்குக் கேட்ட துணிவைப் போற்றத்தான் வேண்டும்.

இன்று மின் வாரியம், வீட்டு வசதி வாரியம், ஆசிரியர் தேர்வு வாரியம் என்று அந்தச் சொல்லை நாடெங்கும் வழங்குகிறோம். சொல்லை எடுத்துக்கொண்ட நாம், அதனோடு வந்த கடமையையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா? நாளை ஏதேனும் ஒரு வாரியத்தில் அமரப்போகும் மாணவ நண்பர்களே, இதை நினைவிற் கொள்ளுங்கள்: கணக்குக் காட்டாத வாரியம் வெறும் பலகையே!