ஒரு கூரை, இரண்டு அடுப்பு

எமது கிராமங்களில் சில வீடுகளில் இரண்டு அடுப்புகள் எரிகின்றன. குசினியில் மனைவியும் பிள்ளைகளும். விறாந்தையில் கணவன் தனியே. அவர்களிடையே தூது செல்வது பிள்ளைகள். வெளியார் கண்ணுக்கு அது ஒரு குடும்பம். உள்ளே இருப்பது பிரிவு.

ஏன் ஒருவர் வெளியேறவில்லை என்று கேட்பது இலகு. எங்கே போவது? பலமுறை இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு துண்டு வயல். காணி அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் கணவன் பெயரில். படலையைத் தாண்டினால் எல்லாம் போய்விடும் என்ற அச்சத்திலேயே பல பெண்கள் இருக்கின்றனர்.

இத்தகையோர் சட்டத்தைச் சரியாக அறிந்திருத்தல் அவசியம். அடுப்பைப் பிரிப்பதால் சட்டப்படி எதுவும் பிரிவதில்லை. விதானையார் முன் எழுதிய கடிதமும் தீர்ப்பாகாது. சேர்ந்து வாழ்தல் ஆபத்தானது அல்லது சகிக்க முடியாதது என எண்பித்தால், மாவட்ட நீதிமன்றம் பிரிந்து வாழும் தீர்ப்பை வழங்கலாம். இது விவாகரத்து அன்று. திருமண பந்தம் நீடிக்கும், மறுமணத்துக்கு இடமில்லை.

1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, வசதியிருந்தும் குடும்பத்தைப் பராமரிக்காத கணவனிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு பெற நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவி தனக்கென அதைக் கோர முடியாது. ஆகவே, "சம்மதத்துடன் பிரிகிறோம்" என்று கையொப்பமிடுமுன் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேளுங்கள்.

அடி உதை உள்ள வீட்டின் நிலை வேறு. அங்கு அடிபட்டவரே ஓட வேண்டும் என்பதில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அடிப்பவர் அவ்வீட்டினுள் நுழையாதவாறு 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

குருக்களாகிய நாமும் எம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டும். "பொறுத்துப் போ, மகளே" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்! உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து நேருமிடத்துப் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டத்தின் 1153 ஆம் பிரிவே இடமளிக்கிறது. சட்டம் அனுமதிப்பதை நாம் பாவமாக்கலாமா?

ஒப்புரவு நல்லது, அதற்காக உழைப்போம். ஆனால் கட்டாயப்படுத்தி ஒட்டவைப்பது ஒப்புரவு அன்று. அதுவரை எமது சங்கங்கள் அந்த மனைவியையும் தனி அங்கத்தவராகப் பதியட்டும். விதைநெல்லும் கடனும் அவள் கையிலும் கிடைக்கட்டும். பெற்றோரும் பிள்ளைகளைத் தூது அனுப்புவதை இன்றே நிறுத்தட்டும்.