தீர்ப்பைக் காப்பது நம் எல்லோர் கடமை

1986 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே. பாசு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். காவல் நிலைய லாக்கப்புகளில் நிகழும் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை அதில் சுட்டிக்காட்டியிருந்தார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக ஏற்றது. 1996 டிசம்பர் 18 அன்று வெளிவந்த தீர்ப்பு, கைதின்போது காவல்துறை கடைப்பிடிக்க வேண்டிய 11 நெறிகளை வகுத்தது.

அப்போது இந்த நெறிகளுக்கென்று நாடாளுமன்றம் சட்டம் எதுவும் இயற்றியிருக்கவில்லை. ஆனாலும் அவை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தின. அரசமைப்புச் சட்டத்தின் 141ஆவது பிரிவே இதற்குக் காரணம். உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அது.

முந்தைய தீர்ப்புகளைப் பின்பற்றும் இந்த வழக்கம் இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக வளர்ந்தது. ஒத்த வழக்குகளுக்கு ஒத்த தீர்ப்பு கிடைக்க வேண்டும். நீதிபதி மாறினால் நீதி மாறக் கூடாது என்பதே அதன் அடிப்படை. இந்த வழக்கம் சில காலம் இறுகியும் போனது. அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1898இல் தன் முந்தைய தீர்ப்புகள் தன்னையே கட்டுப்படுத்தும் என்றது. 1966இல் அதைத் தளர்த்திக்கொண்டது. நம் உச்ச நீதிமன்றமும் தவறான தீர்ப்பைக் கைவிட்டதுண்டு. நெருக்கடி நிலையில், சட்டவிரோதக் காவலை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் செல்ல முடியாது என்ற 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பை, 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தூக்கியெறிந்தது. தொடர்ச்சியும் திருத்தமும் சேர்ந்ததே இந்த மரபின் வலிமை.

ஆனால் தீர்ப்பு தானாக நடக்காது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாள்களில் உயிரிழந்தபோது, பாசு வழக்கின் தீர்ப்பு வந்து 23 ஆண்டுகள் கடந்திருந்தன. அதன் நெறிகள் சிலவற்றைக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அதற்கு முன்பே ஏற்றிருந்தது. ஏட்டில் இருந்த எதுவும் அவர்களைக் காக்கவில்லை.

தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. அந்த நெறிகளின்படி, கைது செய்யும் காவலர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ அப்பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இவை நடந்தனவா என்று ரிமாண்டுக்கு முன் கைதானவரிடமே நேரில் கேட்பது மாஜிஸ்திரேட்டின் பொறுப்பு. மீறல் இருந்தால் அதை அங்கேயே எழுப்புவது வழக்கறிஞரின் பொறுப்பு. குடிமை, நீதித்துறை அதிகாரிகள் எல்லோரும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணைநிற்க வேண்டும் என்று 144ஆவது பிரிவும் சொல்கிறது.

நமக்கும் பங்கு உண்டு. பக்கத்து வீட்டில் ஒருவரைக் கைது செய்ய வந்தால், கதவைச் சாத்திக்கொள்ளாமல் சாட்சியாக நிற்க நாம் தயாரா? பிடிபட்டவர் மீது கோபம் இருக்கும்போதும், அவருக்கும் இந்த நெறிகள் பொருந்தும் என்று சொல்லத் தயாரா? வேண்டியவருக்கு மட்டும் தீர்ப்பைக் கோரினால், அது யாரையும் காக்காது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டிய குறைந்தபட்ச உடன்பாடு இதுதான்.

இந்த 11 நெறிகளையும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே ஆணையிட்டது. உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எழுதிக் கேளுங்கள். பாசுவும் ஒரு கடிதத்தில்தான் தொடங்கினார்.