மீண்டுவிட்டதா இலங்கை?

2024இல் 5 சதவீத வளர்ச்சி வந்துவிட்டது, ஆகவே 2022 பொருளாதார நெருக்கடியிலிருந்து இலங்கை இரண்டே ஆண்டில் மீண்டுவிட்டது என்கிறார்கள். கணக்கே இதை ஏற்காது. 2022இல் பொருளாதாரம் 7.3 சதவீதம் சுருங்கியது. 2023இல் மேலும் 2.3. நூறாக இருந்த உற்பத்தி 91க்கு இறங்கி, அதில் 5 சதவீதம் ஏறினால் 95தான். 2024 முடிவிலும் விழுந்த இடத்துக்கே வந்து சேரவில்லை.

பணவீக்கம் 70 சதவீதம் வரை போய்த் தணிந்தது உண்மை. ஆனால் விலைகள் 2021க்குத் திரும்பவில்லை. 2022 ஆகஸ்டில் ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. பிறகு குறைந்தும் பழைய விலை வரவே இல்லை. வடக்கில் சிறு படகுக்காரரின் இன்ஜின் அந்த எண்ணெயில்தான் ஓடுகிறது. எண்ணெய்க் காசு போக மிஞ்சுவதுதான் அவர் வீட்டு அடுப்புக்கு. அப்போது அடகுக்குப் போன நகையை மீட்காத குடும்பத்திடம் போய் 'நாடு மீண்டுவிட்டது' என்று எப்படிச் சொல்வது?

கடனும் தள்ளித்தான் போடப்பட்டிருக்கிறது. பிற நாடுகளுக்கான கடனில் முதலைக் கட்டத் தொடங்குவதே 2028இல். இதேபோல் கடனில் சிக்கிய கிரேக்கத்தின் உற்பத்தி 2008இல் சரியத் தொடங்கியது. 15 ஆண்டு கழித்தும் பழைய உயரத்தை எட்டவில்லை. இப்போதே வெற்றி என்று அறிவித்தால், முதலில் வெட்டு விழுவது ஏழைகளின் உதவித்தொகையில்தான்.